நியூஸ்ல கேட்ட தீவுக்கு ஒரு டிக்கெட்!

‘நெடுந்தீவு அருகே மீன் பிடித்துக்கொண்டிருந்த தமிழக மீனவர்கள் கைது. படகுகள் பறிமுதல்.’

இந்த வரியை எத்தனை தடவை கேட்டிருப்பீர்கள்? டி.வி.யில் கீழே ஓடும் எழுத்தில், டீக்கடை பேப்பரில், மெஸ்ஸில் சாம்பாருக்குக் காத்திருக்கும்போது யாரோ வைத்துவிட்டுப் போன ரேடியோவில்... நமக்குத் தெரிந்த நெடுந்தீவு அவ்வளவுதான். ‘அருகே’ என்ற வார்த்தைக்கு முன்னால் வரும் ஒரு பெயர். அந்த ஊருக்குள் ரோடு இருக்கா, ஸ்கூல் இருக்கா, அங்கே என்ன சாப்பிடுவாங்க... யோசித்ததே இல்லை அல்லவா?

இருக்கிறது பாஸ்! ரோடும் இருக்கிறது, ஸ்கூலும் இருக்கிறது. நாலாயிரம் பேரைச் சுற்றி வாழும், தமிழ் மட்டுமே கேட்கும், சுமார் 50 சதுர கிலோமீட்டர் தீவு. ரிசார்ட் கிடையாது. ‘பீச் ஷாக்’ கிடையாது. ஜெட் ஸ்கீ, பனானா போட் என்று பர்ஸைக் காலி செய்யும் சமாசாரங்கள் எதுவும் கிடையாது. பனைமரம், பவளக்கல் வேலி, காட்டுக்குதிரைகள், சுற்றிலும் கடல். ஹாஸ்டல் பசங்க பட்ஜெட்டில் ஒரு தீவு பார்க்க வேண்டுமென்றால் தாய்லாந்து வரை எதற்குப் போக வேண்டும்?

‘அப்போ ராமேஸ்வரத்துல ஒரு போட்டைப் புடிச்சா நேரா போயிடலாமே?’ என்று கேட்கிற புத்திசாலிக்கு ஒரு பதில்: போகலாம், அடுத்த நாள் நியூஸில் நீங்களும் வருவீர்கள்! நடுவில் சர்வதேசக் கடல் எல்லை இருக்கிறது. கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவுக்கு மட்டும்தான் நம்மவர்கள் விசா இல்லாமல் படகேறிப் போய் வர முடியும். அதுவும் கச்சத்தீவோடு சரி. (அந்தக் கச்சத்தீவே நிர்வாகக் கணக்கில் நெடுந்தீவுப் பிரிவில்தான் வருகிறது.) ஆக, பக்கத்து வீட்டுக்குப் போக ஊரைச் சுற்றித்தான் போக வேண்டும்.

நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் 2023 அக்டோபரில் ஆரம்பித்து, சில நாளிலேயே நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி கிளம்பியது. சுமார் 110 கிலோமீட்டர், ஏறக்குறைய நாலு மணி நேரம். அப்போது ஒரு வழிக் கட்டணம் ஐயாயிரத்தை ஒட்டி இருந்தது. கட்டணமும் ஓடும் நாட்களும் மாறிக்கொண்டே இருக்கும், வடகிழக்குப் பருவமழை மாதங்களில் நின்றுவிடுவதும் உண்டு. அதனால் தேதியைப் பார்த்துவிட்டு அப்புறம் லீவு லெட்டர் எழுதுங்கள். சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு விமானமும் உண்டு. எப்படிப் போனாலும் பாஸ்போர்ட் வேண்டும், இலங்கையின் ‘இ.டி.ஏ.’ அனுமதியை ஆன்லைனில் முன்னாடியே வாங்கியிருக்க வேண்டும். மொத்தப் பயணத்திலும் கையைக் கடிக்கிற செலவு இந்தக் கடல் தாண்டுவது மட்டும்தான். அந்தப் பக்கம் இறங்கிவிட்டால் எல்லாமே பஸ் காசு! நம்ம ஒரு ரூபாய்க்கு அவர்கள் ரூபாய் மூன்றுக்கு மேல் கிடைக்கும் என்பது கூடுதல் சந்தோஷம். ரொம்பக் குஷியாகிவிடாதீர்கள், 2022 நெருக்கடிக்குப் பிறகு அங்கே விலைவாசியும் அதற்கேற்ற மாதிரிதான் இருக்கிறது.

குறிகட்டுவான் போற பஸ்!

யாழ்ப்பாணத்தில் ராத்திரி தங்கிவிட்டு, விடியற்காலையில் எழுந்துவிடுங்கள். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் சோம்பேறித்தனம் கூடாது. பஸ் ஸ்டாண்டில் 776-ம் நம்பர் பஸ். குறிகட்டுவான் என்று சொல்லி ஏறுங்கள். வேலணை தாண்டியதும் புங்குடுதீவுக்குப் போகிற பாதை கடலுக்கு நடுவே நேர்கோடாக ஓடும். இரண்டு பக்கமும் தண்ணீர், அதற்கு மேல் கொக்குகள், தண்ணீருக்குள் நட்ட மீன்பிடிக் கம்புகள். பஸ் ஜன்னலோர சீட்டுக்காக யாரோடாவது சண்டை போடுவதென்றால் இங்கே போடலாம், தப்பில்லை.

சுமார் ஒன்றரை மணி நேரத்தில் பஸ் நிற்கும் இடம்தான் குறிகட்டுவான் இறங்குதுறை. இங்கிருந்து இரண்டு திசைக்குப் படகு. பெருங்கூட்டம் ஏறுகிற படகு நயினாதீவுக்கு. அங்கே நாகபூஷணி அம்மன் கோயிலும், சிங்கள மக்கள் கும்பிட வரும் நாக விகாரையும் இருக்கின்றன. இன்னொரு படகில் பாண் மூட்டை, காஸ் சிலிண்டர், காய்கறிக் கூடை, சைக்கிள், ட்ரான்ஸ்ஃபர் கிடைக்காத டீச்சர் என்று ஏறுகிறார்களா? அதுதான் உங்களுடையது. கட்டணம் அற்பம். ஆனால் ஊர்க்காரர்களுக்கு முதலிடம் கொடுங்கள். நமக்கு அது டூர், அவர்களுக்கு அது டவுன் பஸ்.

ஒரு மணி நேரப் பயணம். பாதி பேர் படகின் வயிற்றுக்குள் உட்கார வேண்டியிருக்கும். டீசல் வாடையும் ஆட்டமும் சேர்ந்தால் காலைச் சாப்பாடு வெளியே வர வாய்ப்புண்டு. எனவே லைட்டாகச் சாப்பிடுங்கள். காற்றுக்கெல்லாம் இங்கே பெயர் இருக்கிறது. தெற்கிலிருந்து வருவது சோளகம், வடக்கிலிருந்து வாடை, கிழக்கிலிருந்து கொண்டல், மேற்கிலிருந்து கச்சான். (கடையில் போய் ‘கச்சான்’ கேட்டால் வேர்க்கடலை தருவார்கள், குழம்பிவிடாதீர்கள்!) வருஷ நடுவில் சோளகம் அடிக்கும்போது கடல் தூக்கிப் போடும். வருஷக் கடைசி மழையில் படகே ஓடாமல் போகலாம். மழை ஓய்ந்து தீவு பச்சையாக இருக்கிற ஜனவரி முதல் மார்ச் வரைதான் போவதற்கு லாயக்கான காலம்.

குமுதினி, வடதாரகை, நெடுந்தாரகை... இந்தப் பாதையில் ஓடிய படகுகளின் பெயர்கள் இவை. இதில் முதல் பெயரை மட்டும் தீவில் யாரும் சாதாரணமாகச் சொல்ல மாட்டார்கள். 1985 மே 15. நெடுந்தீவிலிருந்து கிளம்பிய குமுதினிப் படகை நடுக்கடலில் மறித்து, உள்ளே ஏறி, பயணிகளைக் கத்தியாலும் கோடரியாலும் வெட்டினார்கள். குறைந்தது 23 பேர் செத்தார்கள், முப்பதுக்கும் மேல் என்கிறது ஊர்க்கணக்கு. குழந்தைகளும் அதில் உண்டு. வந்தவர்கள் கடற்படையினர் என்று உயிர் தப்பியவர்கள் சொன்னதை அம்னெஸ்டி இன்டர்நேஷனல் பதிவு செய்தது. இன்றுவரை யாரும் தண்டிக்கப்படவில்லை. நெடுந்தீவில் நீங்கள் இறங்கும் மாவிலித்துறைக்குப் பக்கத்திலேயே நினைவுத்தூண் இருக்கிறது. ஒவ்வொரு மே மாதமும் ஊர் அங்கே கூடுகிறது. செல்ஃபிக்கு முன்னால் அங்கே ஒரு நிமிஷம் நின்றுவிட்டுப் போங்கள். நீங்கள் வந்ததும் அதே தண்ணீர்ப் பாதையில்தான்.

சிமென்ட் இல்லாத சுவர்

இறங்கியதும் கண்ணில் படுவது வேலி. நம்மூரில் முள்வேலி, கம்பிவேலி பார்த்திருப்பீர்கள். இங்கே வேலி பவளக்கல்! கடலில் செத்து ஒதுங்கிய, தரையில் தோண்டினாலும் வருகிற பவளப் பாறைத் துண்டுகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கியிருக்கிறார்கள். சுண்ணாம்பு கிடையாது, சிமென்ட் கிடையாது. கிட்டே போய்ப் பாருங்கள். கல்லில் பூ மாதிரி, மூளை மாதிரி, தேன்கூடு மாதிரி வரிகள். எத்தனை நூறு வருஷத்துக்கு முன்னால் உயிரோடு இருந்த ஜீவனோ, இப்போது ஒருவர் வீட்டு ஆடு வெளியே போகாமல் காவல் காக்கிறது. தீவு முழுக்க, ஒழுங்கைக்கு ஒழுங்கை இதே வேலிதான். (ஒழுங்கை என்றால் சந்து.) ஞாபகத்துக்கு ஒரு சின்னத் துண்டை பேக்கில் போட்டுக்கொள்ளலாம் என்று கை அரிக்கும். வேண்டாம். வருகிறவர்கள் எல்லாரும் ஒன்று எடுத்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போட உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

‘டெல்ஃப்ட்’ என்று போர்டு பார்த்தால் வேறு ஊருக்கு வந்துவிட்டோமோ என்று பயப்படாதீர்கள். டச்சுக்காரர்கள் வைத்த பெயர். ஊர் ஞாபகம் வந்துவிட்டது போல, யாழ்ப்பாணத் தீவுகளுக்கெல்லாம் தங்கள் நாட்டு ஊர்ப்பெயர்களைச் சூட்டினார்கள். அனலைதீவு ராட்டர்டாம் ஆனது, காரைதீவு ஆம்ஸ்டர்டாம் ஆனது! மற்ற பெயர்களெல்லாம் உதிர்ந்து போய், டெல்ஃப்ட் மட்டும் ஆங்கிலத்தில் ஒட்டிக்கொண்டது. தமிழில் அது என்றைக்கும் நெடுந்தீவுதான்.

சுற்றிப் பார்க்க சைக்கிள் கிடைத்தால் அதைவிட ஜாலி வேறில்லை. தரை தட்டை, மேடு என்று சொல்ல எதுவும் இல்லை. வெயில் தாங்காது என்றால் நாலு பேர் சேர்ந்து ஒரு ஆட்டோ பேசிக்கொள்ளுங்கள். ஏறுவதற்கு முன்னாலேயே தொகையைப் பேசிவிடுவது நல்லது. ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இடிந்து நிற்கும் பழைய கோட்டை, அந்தப் பக்கமே தகவல் புறாக்களை வளர்த்ததாகச் சொல்லும் புறாக்கூண்டு, உள்ளே நாலைந்து பேர் போய் நிற்கக்கூடிய பொந்து உள்ள பெருக்கு மரம், தென்முனையில் தனியாக நிற்கும் குவிண்டா கோபுரம். லிஸ்ட் இவ்வளவுதான். பெருக்கு மரத்தின் சொந்த ஊர் ஆப்பிரிக்கா. அரபு வியாபாரிகள் கொண்டு வந்திருக்கலாம் என்கிறார்கள். ‘வளரும் கல்’ என்று ஒன்றைக் கூட்டிப் போய்க் காட்டுவார்கள். வளர்கிறதா இல்லையா என்ற விவாதத்தை அங்கே வைத்துக்கொள்ளாதீர்கள், அந்தக் கதையைச் சொல்கிறவர் முகத்தைப் பாருங்கள், போதும்.

குதிரைக்குத் தாகம்

நெடுந்தீவின் உண்மையான ஹீரோ குதிரைதான். போர்த்துக்கீசியர் கொண்டு வந்தார்கள், டச்சுக்காரர்கள் பெருக்கினார்கள். அவர்களுக்குப் பின்னால் 19-ம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் லெப்டினன்ட் நோலன் என்ற அதிகாரி பார்த்துக்கொண்டார். லாயத்தின் கல்தூண்கள் இன்னும் நிற்கின்றன. வெள்ளைக்காரனுக்குக் குதிரை தேவைப்படாத காலம் வந்தது. குதிரைகளை அப்படியே விட்டுவிட்டுப் போய்விட்டான். அதன் வாரிசுகள்தான் இன்று தெற்குப் பக்கப் புல்வெளியில் நூற்றுக்கணக்கில் மேய்கின்றன. சேணம் இல்லை, லாடம் இல்லை, எஜமான் இல்லை. மட்டக்குதிரை ரகம், உயரம் கம்மி. கிட்டே போனால் ஒரு குதிரை தலையைத் தூக்கும், அடுத்த நொடி மொத்தக் கூட்டமும் தூசியைக் கிளப்பிக்கொண்டு போய்விடும். துரத்தாமல் ஒரு பனை நிழலில் உட்கார்ந்துவிட்டால் கொஞ்ச நேரத்தில் தானாகவே திரும்பி வரும். 2015-ல் தீவின் ஒரு பகுதியைத் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். இந்தக் குதிரைகளைத் தீவை விட்டு வெளியே கொண்டு போகவும் தடை.

ஆனால் பூங்கா என்று அறிவித்தால் மட்டும் தண்ணீர் வந்துவிடுமா? நெடுந்தீவில் ஆறு கிடையாது, மலை கிடையாது. மழை பெய்தால் உண்டு. கிணறு தோண்டினால் பெரும்பாலும் உவர்நீர். நல்ல தண்ணீர்க் கிணறு உள்ள இடங்களை விரல் விட்டு எண்ணலாம். மழை பொய்த்த வருஷங்களில் குட்டைகள் வெடித்துக் குதிரைகள் செத்து விழுந்த செய்திகள் யாழ்ப்பாணப் பேப்பர்களில் வந்திருக்கின்றன. மனிதர்களுக்கும் இதே பாடுதான், கடல் நீரைச் சுத்திகரித்துக் குடிக்கிறார்கள். எனவே தங்குகிற வீட்டில் குளிக்கும்போது நம்ம ஹாஸ்டல் ஷவர் ஞாபகம் வரக் கூடாது. அரை வாளி, அதிகபட்சம் முக்கால் வாளி. அந்த வீட்டு அக்கா ஒன்றும் சொல்ல மாட்டார். அதற்காகவேதான் சொல்கிறேன்.

கரண்ட் கதை இன்னும் சுவாரஸ்யம். பல காலமாக டீசல் ஜெனரேட்டர்தான் தீவுக்கு வெளிச்சம். காற்றாலை, சோலார் எல்லாம் சேர்த்து நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்கும் மின்சாரம் தருகிற திட்டம் 2021-ல் ஒரு சீன நிறுவனத்துக்குப் போனது. ‘தமிழ்நாட்டுக்கு இவ்வளவு பக்கத்தில் சீனாவா?’ என்று டெல்லி முகம் சுளித்தது. பிறகு அது கைமாறி, 1 கோடியே 10 லட்சம் டாலர் இந்திய நிதியில் 2024 மார்ச்சில் ஒப்பந்தம் கையெழுத்தானது. நாலாயிரம் பேர் வீட்டு பல்புக்காக இரண்டு பெரிய நாடுகள் மோதிக்கொண்டதை நினைத்தால் சிரிப்பாகத்தான் வருகிறது, பல்பு எரியக் காத்திருந்தவர்களுக்கு வந்திருக்காது.

மூன்று மணிக்கு மேல்

டூரிஸ்டுகளில் பெரும்பாலானவர்கள் காலைப் படகில் வந்து, மத்தியானப் படகில் திரும்பிவிடுகிறார்கள். அந்தத் தப்பை நீங்கள் செய்யாதீர்கள்! படகு போன பிறகுதான் தீவு தீவாகிறது. ஆட்டோ சத்தம் அடங்கிவிடும். பனையோலை உரசுகிற சத்தம் கேட்க ஆரம்பிக்கும். மாடுகள் தாங்களாகவே வீடு திரும்பும். தங்குவதற்குச் சில கெஸ்ட் ஹவுஸ்கள், வீட்டோடு அறை தருபவர்கள் இருக்கிறார்கள். யாழ்ப்பாணத்திலிருந்தே போன் போட்டுச் சொல்லிவிட்டுப் போங்கள், இறங்கியபின் தேடினால் சிரமம். சாப்பாடும் முன்னாடியே சொன்னால்தான் உண்டு. அன்றைக்குப் பிடித்த மீன் குழம்பு, சோறு, சம்பல். அதிர்ஷ்டம் இருந்தால் ஒடியல் மாவில் மீனும் நண்டும் போட்டுக் காய்ச்சிய கூழ். பனையிலிருந்து நுங்கு, பனங்கட்டி, புழுக்கொடியல் என்று ஒரு முழு மளிகைக் கடையே வருகிறது. ரொக்கம் கையில் வைத்துக்கொள்ளுங்கள், கார்டை நீட்டினால் வேடிக்கை பார்ப்பார்கள்.

பாஷை? தமிழ்தான், ஆனாலும் கொஞ்சம் ஹோம்வொர்க் வேண்டும். ‘ஆமா’ இல்லை, ‘ஓம்’. டீ என்பது ‘தேத்தண்ணி’. பிரெட் என்பது ‘பாண்’. கிளம்புவது ‘வெளிக்கிடுறது’. முக்கியமாக, பேசுவது அங்கே ‘கதைக்கிறது’. ‘பேசினார்’ என்றால் திட்டினார் என்று அர்த்தம்! ‘அந்தத் தாத்தா என்கிட்ட ஒரு மணி நேரம் பேசினார்’ என்று பெருமையாகச் சொன்னால், ‘ஐயோ, ஏன் பிள்ளை?’ என்று பதறுவார்கள். உங்களைத் தம்பி, தங்கச்சி, பிள்ளை என்பார்கள். நீங்கள் ஐயா, அம்மா, அண்ணை, அக்கா என்றால் சரி. இது கோவா இல்லை என்பதை டிரஸ்ஸிலும் பாட்டிலிலும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கடற்படை முகாம் பக்கம் கேமரா தூக்க வேண்டாம். பாஸ்போர்ட் எப்போதும் கையில் இருக்கட்டும்.

அடுத்தது கட்டாயம் வருகிற கேள்வி. ‘எந்த இடம் நீங்கள்?’

தஞ்சாவூர், கோயம்புத்தூர் என்றால் சினிமா பற்றிக் கேட்பார்கள். ‘ராமநாதபுரம்’, ‘நாகப்பட்டினம்’ என்றீர்களானால் பேச்சு... மன்னிக்கவும், கதை வேறு பக்கம் திரும்பும். ‘உங்கட ஆக்கள்தானே எங்கட வலையை அறுக்கிறது?’ கோபமாக இல்லை, அலுப்பாகக் கேட்பார்கள்.

இங்கேதான் நாம் டி.வி.யில் கேட்ட வரியின் மறுபாதி இருக்கிறது. நெடுந்தீவு மீனவரிடம் இருப்பது பெரும்பாலும் சின்ன ஃபைபர் படகு, கொஞ்சம் வலை. அதுவும் கடனுக்கு வாங்கியது. போர் நடந்த வருஷங்களில் கடலுக்குப் போகவே அவர்களுக்கு ஆயிரம் தடை. 2009-க்குப் பிறகுதான் மூச்சு விட்டார்கள். அந்த இடைவெளியில் நம் பக்கம் விசைப்படகுகள் பெருகிவிட்டன. இழுவைமடி கடலின் அடியை அரித்துக்கொண்டு போகிறது. மீன், குஞ்சு, பாசி, பவளம், குறுக்கே விரித்திருக்கும் சின்ன வலை, எதுவும் மிஞ்சாது. இலங்கை 2017-ல் இழுவைமடியைச் சட்டம் போட்டுத் தடுத்தது. ராமேஸ்வரம் விசைப்படகுகள் வாரத்தில் திங்கள், புதன், சனி போகிற வழக்கம் உண்டு. அந்த ராத்திரிகளில் இந்தப் பக்கத்து மீனவர் வலை போட யோசிப்பார். அவருக்கும் அது நஷ்டமான ராத்திரி.

இதனால் நம் மீனவர்கள் மேல் துப்பாக்கி நீட்டியதும், சுட்டதும், மாதக்கணக்கில் சிறையில் போட்டதும் சரியாகிவிடுமா? ஆகாது. படகில் கூலிக்குப் போகிற ஆள் சிறைக்குப் போவார், படகு முதலாளி கரையில் இருப்பார். அதையும் நீங்கள் அவர்களிடம் சொல்லலாம். ‘ஓம், அதுவும் சரிதான்’ என்று கேட்பார்கள். இரண்டு பக்கத்துக்காரர்களும் ஒரே அந்தோணியாருக்கு மெழுகுவத்தி ஏற்றுகிறவர்கள். அந்தத் திருவிழாவில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர்கள். தேத்தண்ணி ஆறுவதற்குள் தீர்கிற விஷயமில்லை. ஆனால் காலேஜ் பேச்சுப் போட்டியில் கச்சத்தீவு பற்றி மேஜையைத் தட்டுகிறவர்கள் ஒரு தடவை இந்தத் திண்ணையில் உட்கார்ந்து கேட்டுவிட்டுப் போய்த் தட்டலாம்.

மேகம் இல்லாத ராத்திரியில் மேற்குக் கரைக்கு நடந்து போங்கள். டார்ச் வேண்டாம், நட்சத்திரமே போதும். நம்ம ஊர்க் கடிகாரமும் அவர்கள் கடிகாரமும் ஒரே நேரம்தான், மாற்ற வேண்டியதில்லை. கடலுக்குள் தூரத்தில் விளக்குகள் வரிசையாகத் தெரிந்தால், அது எந்தக் கிழமை என்று பாருங்கள்.

திரும்பும் படகு நேரத்தை முதல் நாளே இறங்குதுறையில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், அடிக்கடி மாறும். அரை மணி முன்னாடியே போய்விட்டால் மேல்தளத்தில் இடம் கிடைக்கலாம். குடித்த தண்ணீர் பாட்டில்களையும் சிப்ஸ் கவர்களையும் பேக்கிலேயே போட்டு யாழ்ப்பாணம் கொண்டு வந்துவிடுங்கள், தீவில் குப்பை லாரியை எதிர்பார்க்க முடியாது. குறிகட்டுவானில் இறங்கியதும் பஸ்ஸுக்கு ஓட வேண்டாம். படகு வரும்வரை 776 பெரும்பாலும் காத்திருக்கும்.